சலோனை மாற்றிய மாதம்

புளி போட்டுப் பித்தளை தேய்க்கும் வாடை மாடிப்படி வழியே ஏறி வருகிறது. கீழ்வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குகிறார்கள். களிம்பும் புளிப்பும் ஈரமும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் பட்டதும், யாரோ கூப்பிட்டது போல என் கைகள் எழுந்துவிடுகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் அதைக் கவனிக்கவில்லை. என் வீட்டு முன்னறையை மாற்றியமைத்துத் தர வந்தவள் அவள். மடியில் வழவழப்பான பக்கங்கள் கொண்ட படப்புத்தகம். "பழசும் வேணும் புதுசும் வேணும்னா ரெண்டு ஸ்டைலையும் கலந்துடலாம் மேடம். ஒண்ணு இன்னொண்ண எடுத்துக் குடுக்கும்" என்கிறாள். நல்ல பெண். விரல் நுனியில் சுவர்களை நகர்த்துகிறாள், சன்னல்களைப் பெரிதாக்குகிறாள். கலக்கலாம், கலந்தால் அழகாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தெரியும். அப்படிக் கலந்து பார்த்த ஒருத்தியோடு வளர்ந்தவள் நான். அவள் அமைத்த அந்த அறையை விட்டு வந்த பிறகு வேறெந்த அறையிலும் நான் முழுசாக உட்கார்ந்ததில்லை. எங்கே போனாலும் நாற்காலியின் விளிம்பில்தான், எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்பது போல.

சைகோனில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ரயில்பெட்டி போல ஒடுங்கி நீண்ட வீடு எங்களுடையது. அப்பா ஒரு பிரெஞ்சுக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பதினெட்டு வயதில் புதுச்சேரியிலிருந்து போனவர், பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய பிறகும் கிளம்பாமல் நின்றுவிட்டார். என்னைப் பெற்றவள் எனக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனாள். இரண்டு வயதில் என்னைச் சித்தியின் கையில் கொடுத்தார்கள். சித்தி வியட்நாம்காரி. கறுப்பு மரத்தில் பூவும் பறவையும் செதுக்கிச் சிப்பி பதிக்கிறவர்கள் நிறைந்த 'பின் யுவோங்' என்ற ஊர்ப்பக்கத்தில் பிறந்தவள். நாம் அப்பாவின் இரண்டாம் மனைவியையும் சித்தி என்கிறோம், அம்மாவின் தங்கையையும் சித்தி என்கிறோம். அவர்களுக்கும் இருவருக்குமாக ஒரே சொல்தான், 'யீ'. தாயில்லாத பிள்ளைகளுக்காக இரண்டு மொழிகளும் எப்போதோ கூடிப் பேசி இந்த ஒரு சலுகையைச் செய்து வைத்தது போல எனக்குத் தோன்றும். நான் அவளை யீ என்றுதான் கூப்பிட்டேன். வீட்டில் புழங்கியது வியட்நாம் பேச்சு, ஊடே கொஞ்சம் பிரெஞ்சு. தமிழ் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் மட்டும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி, கசங்காமல். சித்திக்கு அதில் இருபது சொல் தெரிந்திருக்கலாம். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. யாராவது அதைக் கேட்டுவிட்டால் என் தலையைத் தன் பக்கம் இழுத்து, "இது என்ன, பூனையா?" என்பாள்.

எனக்குப் பதினொரு வயதானபோது அத்தையின் கடிதம் வந்தது. அப்பாவின் அக்கா, புதுச்சேரியில் இருந்தவள். அப்போது சைகோனின் தெருமுனைகளில் மணல்மூட்டைகள் வந்துவிட்டன. வானத்தில் எந்நேரமும் ஏதாவது ஒன்று இரைந்துகொண்டிருக்கும். காலையில் இருந்த அரசாங்கம் மாலையில் இருக்குமா என்று அப்பா வானொலியைக் கேட்டுத்தான் சொல்வார். அந்தச் செய்திகளெல்லாம் கடல் தாண்டி அத்தைக்கும் போயிருந்தன. மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவரைப் பார்க்க வருகிறவள், அங்கிருந்து கப்பலேறி சைகோனுக்கும் வருவதாக எழுதியிருந்தாள். சரக்கு இறக்கி ஏற்றக் கப்பல் நான்கு நாள் நிற்கும். 'வந்து என் கண்ணால பாக்கிறேன் தம்பி. வீடு வீடா இருந்தா பொண்ணு அங்கியே இருக்கட்டும். இல்லன்னா எங்கூட இட்டுனு வந்துடறேன்.' பேசுவது போலவே எழுதுகிறவள் அத்தை. அப்பா இதைச் சித்திக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். வீடு வீடாக இருக்க வேண்டுமாம். சித்தி கையிலிருந்த கீரையை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "இப்போ இது என்னவா இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சொன்னார், "சலோனை மாற்ற வேண்டும்." புதுச்சேரிக்காரர்களுக்குச் சலோன் என்றால் வந்தவர் உட்காரும் முன்னறை, பிரெஞ்சுக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். சித்தியின் ஆட்களும் அதே சொல்லை அதே பிரெஞ்சுக்காரனிடமிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் அறையை அவனிடமே விட்டுவிட்டு, அறைக்குள் கிடக்கும் மேசை நாற்காலிகளுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது 'சாலோங்'. எங்கள் வீட்டுச் சாலோங் சித்தியின் அம்மா கொடுத்தது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒவ்வொன்றின் முதுகிலும் சிப்பியில் இரண்டு பறவைகள். சிறு வயதில் அந்த எட்டுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். மறுநாள் மாலை அப்பா வீட்டுக்கு வந்தபோது பறவைகள் இல்லை. இரும்புக் கால் போட்ட நான்கு சிவப்பு ரெக்சின் நாற்காலிகள் இருந்தன, பல் மருத்துவரின் அறை போல.

"என்ன இது?"

"சாலோங். மாத்திட்டேன். நீங்கதானே சொன்னீங்க? கப்பல்ல வர்றவங்களுக்குப் புதுசுதான் பிடிக்கும்னு கடைக்காரர் சொன்னார்."

"நான் அறையைச் சொன்னேன்!"

"அறையை எந்தக் கடையில கொண்டுபோய் மாத்துறது?"

அப்பா சிரித்துவிட்டார். சித்தியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில்தான் அவளுக்குப் புரிந்தது. கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். விடிந்ததும் கடைக்கு ஓடினாள். நானும் கூடவே ஓடினேன். எங்கள் சாலோங்கை முந்தின நாளே யாரோ ஒரு அதிகாரியின் வீட்டுக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், எந்த வீடு என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து சிவப்பு நாற்காலிகளைப் பின்கட்டுக்கு இழுத்துப் போட்டாள். காலியான தரையில், பழைய மேசை நாற்காலிகளின் கால்கள் நின்ற இடத்தில் மட்டும் நிறம் மங்காத இருபது பொட்டுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்தாள். அழவில்லை. "உங்க ஊர்ல வீட்டுக்கு வந்தவங்க எங்கே உட்காருவாங்க?" என்று கேட்டாள். நான் பார்த்தறியாத ஊர். அப்பா சொன்னதை வைத்து, "தரையில. பாய் போட்டு" என்றேன். சித்தி தலையைத் தூக்கி, தான் உட்கார்ந்திருந்த தரையைப் புதிதாகப் பார்த்தாள்.

அங்கிருந்து தொடங்கியது அந்த மாதம். அத்தை வர நான்கு வாரம் இருந்தது. வெள்ளம் வரும் என்று தெரிந்து கரை கட்டுகிறவளின் வேகம் அவளிடம் வந்தது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போடுவாள், துடைப்பாள், மறுபடி போடுவாள். அவள் வளர்ந்த வீடுகளில் வாசலுக்கு நேர் எதிரே முன்னோரின் பீடம் இருக்கும், இடுப்புயர அலமாரியின் மேல் இறந்தவர்களின் படங்களும் ஊதுவத்திக் கிண்ணமும். உள்ளே வருகிறவரின் கண் நேராக மேலே போய் அங்கே நிற்கும். அறையில் மற்றதெல்லாம் அதற்குக் கீழே, அதைச் சுற்றி. எங்கள் வழியோ நேர்மாறு. அப்பா தாளில் வரைந்து காட்டினார். கூடத்தின் நடுவை ஒன்றும் வைக்காமல் விட்டுவிடுவோம், கிழக்கே சாமியும் விளக்கும், தெற்குச் சுவரில் இறந்தவர்கள். சித்தி அந்தத் தாளை நாள் முழுதும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "உங்க வீட்டுக்கு நடு கீழே இருக்கு. எங்க வீட்டுக்கு நடு மேலே இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிக்கவே இல்லை." இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன், வீடுகளைப் பற்றிப் பெரிய பேச்சுகளையும் கேட்டுவிட்டேன். சோற்றுக் கரண்டியோடு நின்று அவள் சொன்ன அதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று இடித்தது. எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. அதனால் அவளுடைய பீடம் நின்றது கிழக்குச் சுவரில், விளக்கு இருக்க வேண்டிய இடத்தில். பீடத்தைத் தெற்குச் சுவருக்கு நகர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும். நகர்த்துவது என்பது பெற்றவர்களை முகப்பிலிருந்து எழுப்பி ஓரமாக உட்காரச் சொல்வது. அவர்களைக் கேட்காமல் முடியாது. கேட்பதற்குச் சித்தியின் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. ஊதுவத்தி ஏற்றி, வேண்டிக்கொண்டு, இரண்டு காசுகளைத் தட்டில் போடுவார்கள். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் சம்மதம். சித்தி போட்டாள். இரண்டும் பூ. மறுபடி கும்பிட்டு, உதடு அசைய நெடுநேரம் என்னவோ சொல்லிவிட்டுப் போட்டாள். மறுபடியும் இரண்டும் பூ. நான் கதவோரம் நின்றிருந்தேன். மூன்றாம் முறை அவள் காசுகளைப் போடவில்லை. வைத்தாள். ஒன்றைத் தலையாக, ஒன்றைப் பூவாக, சத்தம் வராமல் வைத்துவிட்டு, தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது என்னைப் பார்த்தாள். "சம்மதம் சொல்லிட்டாங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அவளுக்காக நான் வாயை மூடிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

பிறகு விளக்கு. என் அம்மாவின் குத்துவிளக்கு ஒன்பது வருடமாகப் பெட்டியடியில் பச்சை பிடித்துக் கிடந்தது. டெட் புத்தாண்டுக்கு முன் ஊதுவத்திக் கிண்ணத்தைத் தேய்ப்பது போல அதையும் நட்சத்திரப்பழத்தை வெட்டித் தேய்க்க உட்கார்ந்தாள் சித்தி. புளிதான் போட வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். கடைசியில் விளக்குக்குக் குறுக்கே நூல் கட்டி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் மின்னியது. "பாத்தியா, புளிப்புக்கு ஊர் கிடையாது" என்றாள். பின் யுவோங்கிலிருந்து அவள் அண்ணன் வந்து கோரைப்பாய்கள் போட்டுவிட்டுப் போனார். அந்த ஊர்க் கோரையும் நம் ஊர்க் கோரையும் அக்காள் தங்கை என்று அப்பா பாயை முகர்ந்து பார்த்துச் சொன்னார். சுவருக்கு மூன்று முறை சுண்ணாம்பு அடித்தாயிற்று. தினமும் மாலையில் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே வருவாள். "நான் அத்தை. முதல்ல எதைப் பார்ப்பேன்?" அத்தை வர ஐந்து நாள் இருக்கும்போது அடுத்த தெருவில் குண்டு வெடித்தது. வீடு அதிர்ந்தது. எல்லோரும் வெளியே ஓடினோம். திரும்பிப் பார்த்தால் சித்தி வரவில்லை. தெற்குச் சுவரில் ஓடிய விரிசலை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றிருந்தாள், குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல. தெருவில் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. இன்னும் சுண்ணாம்பு மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள்.

அத்தை வந்தாள். உயரமான, கனத்த பெண். இரு பக்கமும் மூக்குத்தி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றாள். எங்கள் மூன்று பேருடைய மூச்சும் அவள் கண் போகும் பக்கமெல்லாம் போனது. கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்த, தொந்தியும் சிரிப்புமான வியட்நாம் நிலத்துச் சாமியைப் பார்த்து, "புள்ளையாரு முன்னாடியே ஒக்காந்துனுக்கீறாரே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் திருத்தவில்லை. கிழக்கே விளக்கு எரிந்தது. நடுத்தரை காலியாக, ஈரம் துடைத்த பளபளப்போடு கிடந்தது. பாயில் உட்கார்ந்து கோரையை விரலால் நீவினாள். அப்புறம்தான் தெற்கே திரும்பினாள். சித்தியின் பீடத்தில், அவளுடைய அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் நடுவே என் அம்மாவின் படம் இருந்தது. அதற்கு முன் அந்தப் படம் அப்பாவின் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. நடுவில் வைத்தது யார் சொல்லியும் அல்ல. "அவங்க சின்ன வயசு. தனியா இருந்தா பயப்படுவாங்க" என்று சித்தி என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன். அத்தை முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள், "தம்பி, வீடு வீடாத்தான் கீது." அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் சாப்பிட்டு எழுந்ததும் அத்தை அப்பாவை உட்கார வைத்தாள். "வீட்டப் பத்தி எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா ஊரு இந்த லச்சணத்துல கீது. நாளைக்கே உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இவ பொண்ண வச்சிப்பாளா, பாரம்னு நெனைப்பாளா? நீ சொல்லாத, நீ சொல்றது நீ சொல்றதுதான். அவ வாயால சொல்லட்டும், எனக்குப் புரியிற பாஷைல. வுட்டுட்டுப் போங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வுட்டுட்டுப் போறேன். சத்தியமா." அப்பா இதை மொழிபெயர்த்ததும் சித்தியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு வாக்கியம்தானே! சமையலறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "சொல்லிக் குடு. அழகா இருக்கணும். மரியாதையா இருக்கணும்."

நான் சொல்லிக் கொடுத்தேன். இந்த இடத்துக்கு வரும்போது நினைவு நின்று நின்று போகிறது. அத்தையின் வாயிலிருந்து வந்தது போலவே 'வுட்டுட்டு' என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது கொச்சையாகப் பட்டது. அப்பா புத்தகம் வைத்து எனக்குக் கற்பித்த கசங்காத தமிழ் என்னிடம் இருந்ததல்லவா? "பிள்ளையை விட்டுட்டுப் போங்க, அக்கா" என்று சொல்லிக் கொடுத்தேன். சித்தியின் ஊர்ப்பக்கத்து வாயில் 'வ' வராது. அது 'ய' ஆகிவிடும். வீடு யீடாகும், வெங்காயம் யெங்காயமாகும். ஒன்பது வருடம் அதைக் கேட்டே வளர்ந்த என் காதுக்கு அது பிழையாகவே கேட்காது. அவள் யீடு என்றால் எனக்குள் வீடு என்றுதான் விழும். அரிசி களைந்துகொண்டே, துணி உலர்த்திக்கொண்டே, "பிள்ளையை யிட்டுட்டுப் போங்க, அக்கா" என்று நூறு முறை சொல்லிப் பார்த்தாள். "சரியா இருக்கா?" என்று நூறு முறை கேட்டாள். சரியாக இருக்கிறது என்று நூறு முறை சொன்னேன்.

நான்காம் நாள் காலை. பிற்பகலில் கப்பல். அத்தையின் பயணச்சீட்டு வேலையாக அப்பா அலுவலகம் போயிருந்தார். சித்தி பண்டிகைக்கு உடுத்தும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து பாயில் அத்தைக்கு எதிரே மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டாள். "பிள்ளையை யிட்டுட்டுப் போங்க, அக்கா." அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னா சொன்ன?" சித்தி இன்னும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. மூன்றாம் முறையும் சொன்னாள். அப்போதுதான் எனக்கு அது அத்தையின் காது வழியாகக் கேட்டது. இட்டுட்டுப் போங்க. அழைத்துக்கொண்டு போங்கள். அத்தை அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கோபமே இல்லை. "பாவம், அவளாலயும் முடியல. அதுக்குத்தான் இவ்ளோ அழுவ. சரிம்மா, சரி. இட்டுனே போறேன்." சித்திக்குத் தெரிந்த இருபது சொல்லில் சரி ஒன்று. அழுதபடியே சிரித்தாள். எழுந்து சமையலறைக்கு ஓடினாள், அத்தையை வழியனுப்ப நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று.

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே சொல். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "பத்து நாளு கப்பலு. உன் வயசுல ரெண்டு பொண்ணுங்க அங்க உனக்காகக் காத்துனுக்கீறாங்க" என்றாள். அந்த ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குக் கப்பலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. குண்டு விழாத தெருவில் ஓட வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அடுத்த கணம் அந்த ஆசை போய்விட்டது. ஆனால் அந்த ஒரு கணத்துக்குப் பிறகு வாயைத் திறந்தால், முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்பா வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா வந்தார். அத்தை அவரிடம் தாழ்ந்த குரலில், "அவளே இட்டுனு போங்கன்னுட்டா, தம்பி. மூணு தபா சொன்னா" என்றாள். அப்பா சமையலறை வாசலில் போய் நின்று, "அக்காகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள் சித்தி. அந்தச் சிரிப்பை அப்பா பார்த்தார். பரணில் இருந்து என் பெட்டியை இறக்கினார்.

பெட்டியைப் பார்த்த பிறகுதான் சித்திக்குத் தெரிந்தது. "என்ன ஆச்சு?" என்று அப்பாவைக் கேட்டாள். "எதுவும் பேசாதே" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவள் அதற்கு மேல் அவரைக் கேட்கவில்லை. என் பக்கம் வந்தாள். "எது சரியில்லை? பாயா? விளக்கு கொஞ்சம் தள்ளி இருக்கணுமா? உங்க அம்மாவை நடுவுல வச்சது தப்பா?" வாக்கியம் பொய்த்திருக்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. அறைதான் தோற்றுவிட்டது என்று நினைத்தாள். பின்கட்டுக்கு ஓடி அந்தச் சிவப்பு நாற்காலிகளில் ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டாள். எடுத்தாள். பாய்களைச் சுருட்டினாள், விரித்தாள். பீடத்தைத் தனியாளாகத் தோளால் முட்டித் தள்ளப் பார்த்தாள். படங்கள் ஆடின. "இன்னும் மாத்தலாம். இன்னும் நேரம் இருக்கு. அத்தையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கச் சொல்லு." என் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அத்தை, "நாம கெளம்பறதுக்குள்ள வூட்ட மறுபடி மாத்த ஆரம்பிச்சுட்டா பாரு" என்று பெருமூச்சு விட்டாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். இரண்டு மொழியும் தெரிந்து, அந்த வாக்கியத்தைக் கூட இருந்து கேட்டவள் அந்த வீட்டில் நான் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்துப் புதுச்சேரிக்கு அப்பாவின் கடிதம் வந்தது, எனக்கு மட்டுமாக. 'நேற்று சித்தி சமையலறையில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நின்று கேட்டேன். பிள்ளையை யிட்டுட்டுப் போங்க, அக்கா. அவள் சொல்ல நினைத்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்குமே, அம்மா? அவளிடம் நான் சொல்லவில்லை. தன் வாயே தன்னைக் கெடுத்தது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். உன்னைத் திருப்பி அழைக்க ஆசைதான். இங்கே நாளுக்கு நாள் மோசமாகிறது. வராதே.' அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. மழை, பள்ளிக்கூடம், அத்தை வீட்டுப் பெண்கள் என்று வேறு எல்லாம் எழுதினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. நகரம் கைமாறிய ஆண்டோடு அவருடைய கடிதங்கள் நின்றன. பல வருடங்களுக்குப் பிறகு போய்த் தேடினேன். துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளிய அந்த இடத்தில் கண்ணாடி போட்ட உயரமான கட்டடம் நிற்கிறது. யாருக்கும் யாரையும் தெரியவில்லை. அவள் பேர் சொல்லி விசாரித்தபோது ஒரு கிழவர், "அந்தப் பேரில் இந்த ஊரில் ஆயிரம் பேர்" என்றார். என்னோடு பேசுகிற இந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்ல முடியாது. நடுத்தரையைக் காலியாக விட்டுவிடு என்று மட்டும் சொல்கிறேன். "அப்போ கெஸ்ட் எங்க மேடம் உட்காருவாங்க?" என்று கேட்கிறாள்.

அன்று பிற்பகல் துறைமுகத்துக்குச் சித்தியும் வந்தாள். நீல உடுப்பின் தோளில் பீடத்தை முட்டியபோது சுவரிலிருந்து ஒட்டிய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், திரும்பிப் பார்க்காமல். அத்தை அவர் பின்னால் ஏணியில் ஏறிவிட்டாள். கூட்டத்தில் யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். சித்தி குனிந்து என் காலணியின் வாரைக் கழற்றி மறுபடி மாட்டினாள், அது சரியாகத்தான் இருந்தது. அப்படியே குனிந்தபடி, மேலே பார்க்காமல், அவளுடைய மொழியில் கேட்டாள்.

"நான் அக்காகிட்ட அதைச் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே, யீ."